கவிழ்த்தாலும் விழாத டீசல்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நான் தாடி வளர்த்தேன். வேண்டுதல் ஏதும் இல்லை, தோல் வியாதியும் இல்லை. விஞ்ஞானி மாதிரித் தெரியவேண்டும் என்பதுதான் காரணம். அதுவரை பல வருடங்களாக விஞ்ஞானி என்றே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு இந்த ஆசை ஏன் வந்தது என்றால், மாமல்லபுரத்தில் நடந்த ஒரு மாநாட்டால் வந்தது.

கடலைப் பார்த்த விடுதி. தேநீர் இடைவேளையில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வாசலில் நின்றிருந்தேன். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வந்து, கடற்கரைக் கோயிலுக்குப் போகிற பேருந்து எப்போது கிளம்பும் என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரிந்து தொலைத்திருந்ததால் சொன்னேன். அவர் போய் இன்னும் சிலரை அழைத்துவந்தார். அவர்களையெல்லாம் வண்டியில் ஏற்றி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்து, ஓட்டுநரிடம் "போலாம்" என்று வண்டியைத் தட்டியும் விட்டேன். மறுநாள் காலை நான் மேடையேறிப் பேசத் தொடங்கியபோது முன்வரிசையிலிருந்த அதே மனிதர், மைக் சரிபார்க்க வந்தவன் ஏன் இன்னும் இறங்கவில்லை என்பதுபோலப் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். அன்றைக்கு எடுத்த முடிவு அது.

பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் தாடி வந்தது. பள்ளித் தலைமையாசிரியையான என் மனைவி அதை இரண்டு வாரம் கவனித்துவிட்டு, சபரிமலைக்குப் போய்வந்து எடுக்க மறந்தவர் மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நான் கவலைப்படவில்லை. யோசிக்கும்போது கைக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தால் மட்டமான யோசனைகூட ஆழமாக இருப்பதுபோல் எனக்கே தோன்றியது. அந்தத் தடவலில்தான் ஒரு பெண்ணின் ஐந்து வருட ஆராய்ச்சி போகவிருந்தது. போகவில்லை. அந்த நிம்மதியில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் துறைக்கு மீமூலக்கூறு வேதியியல் என்று பெயர். பெயர் மிரட்டும், விஷயம் எளிமையானது. சாதாரண வேதியியலில் அணுக்கள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன, பிரிப்பது கஷ்டம். எங்கள் வேதியியல் காலை நேரத்துச் செங்கல்பட்டு – கடற்கரை மின்சார ரயில் மாதிரி. யாரும் யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் எல்லோரும் எல்லோர்மீதும் லேசாகச் சாய்ந்து நிற்பதால் தாம்பரம் வரை ஒருவரும் விழுவதில்லை. சில மூலக்கூறுகளைச் சூடான ஆல்கஹாலில் கரைத்து ஆறவிட்டால் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய நானோ இழைகளாக நீள்கின்றன. இழைகள் பின்னி வலையாகின்றன. வலைக்குள் மாட்டிய திரவம் ஓட முடியாமல் அப்படியே நின்றுவிடுகிறது. அதுதான் ஜெல்.

ஜெல் ஆயிற்றா என்று பார்க்க விலையுயர்ந்த கருவிகள் உண்டு. ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் முதலில் கருவியிடம் போவதில்லை. சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்ப்போம். உள்ளே இருப்பது கீழே விழாமல் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் ஜெல். உலகம் முழுக்க எங்கள் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் இப்படிக் கவிழ்த்த குப்பியின் படம் ஒன்று கட்டாயம் இருக்கும். இந்தப் பழக்கம் ஆய்வகத்தோடு நிற்பதில்லை என்பதுதான் தொல்லை. மதுராந்தகத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் நான் கேசரிக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்ததைச் சம்பந்தி வீட்டார் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

மாணவியைப் பற்றிச் சொல்லவேண்டும். இப்போது அவர் டாக்டர். இந்தக் கட்டுரை முடிகிற வரை 'அவள்' என்றே எழுதிக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். கடப்பாக்கத்துப் பெண். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அங்கே படகு என்ஜின்களுக்கு உதிரி பாகம் விற்கும் கடை வைத்திருக்கிறார். படகுகள் நிற்கிற இடத்தில் தண்ணீர்மேல் டீசல் வானவில் நிறத்தில் படர்ந்து கிடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். என்னிடம் சேர்ந்த புதிதில் நான் கொடுத்த தலைப்புகளையெல்லாம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சார், டீசல மட்டும் உறைய வைக்க முடியுமா? தண்ணி தண்ணியாவே இருக்கணும்" என்றாள்.

முடிந்தது. அவள் செய்த மூலக்கூறைக் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்து, டீசல் மிதக்கும் கடல்நீரில் சில சொட்டு விட்டால், மேலே இருக்கும் டீசல் மட்டும் சில நிமிடங்களில் கட்டியாகிவிடும். கரண்டியால் அள்ளி எடுத்துவிடலாம். கீழே கடல்நீர் பாட்டுக்கு அலம்பிக்கொண்டிருக்கும். முதல்முறை அது நடந்தபோது ஆய்வகமே குப்பியை வாங்கி வாங்கிக் கவிழ்த்தது.

ஆய்வேட்டை எழுதி முடித்துச் சமர்ப்பித்துவிட்டாள். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அவளுக்கு ஓர் இடத்தைப் பிடித்துவைத்திருந்தது. பட்டத்தோடு வந்தால்தான் இடம், தாமதமானால் அடுத்தவருக்குப் போய்விடும். அப்போதுதான் வெளியூர்த் தேர்வாளரின் அறிக்கை வந்தது. எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுக் கடைசியில், வாய்மொழித் தேர்வின்போது டீசல் உறைவதைத் தன் கண் முன்னால் செய்துகாட்ட வேண்டும் என்று முடித்திருந்தார். தாராளமாக வரட்டும் என்று நான் மார்தட்டினேன்.

ஒத்திகை பார்க்கலாம் என்று அவள் குப்பியைக் கலக்கி வைத்தாள். ஆறியது. கவிழ்த்தாள். டீசல் மொத்தமும் மூடியில் வந்து விழுந்தது. அடியில் வெள்ளையாக, பொடி மணல்போல் ஏதோ தங்கியிருந்தது. மறுபடி செய்தாள், மறுபடியும் மணல். அந்த வாரம் முழுக்க மணல்தான்.

நான் முதலில் டீசலைச் சந்தேகித்தேன். வேறு வேறு பெட்ரோல் பங்குகளில் வாங்கிவரச் சொன்னேன். பிறகு ஆல்கஹாலை, கண்ணாடிக் குப்பிகளை, குளிரூட்டியை, ஆடி மாதத்து ஈரக்காற்றை எல்லாம் வரிசையாகச் சந்தேகித்தேன். ஒருநாள் அவளுடைய கையையும் சந்தேகித்து, நகர்ந்துகொள் என்று நானே செய்துபார்த்தேன். எனக்கு வந்த மணல் அவளுக்கு வந்ததைவிட அழகாக வந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் நான் குப்பியை முகத்தருகே பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தாடியைத் தடவி யோசித்தேன். ஆராய்ச்சியில் இந்த அளவு யோசித்த காலம் எனக்கு வேறு இல்லை.

பகலில் இப்படிக் கழியும். மாலையில் கொளவாய் ஏரியை ஒட்டி வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது வேறொரு பயம் வந்து உட்காரும். இத்தனை வருடம் வந்த ஜெல் நிஜமாகவே வந்ததா? ஏதோ ஓர் அழுக்கோ தற்செயலோ விளையாடியதை நாங்கள்தான் ஆசைப்பட்டு உண்மை என்று நம்பிவிட்டோமா? பட்டம் தள்ளிப்போனால்கூட அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். செய்த வேலை பொய் என்றாகிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வேன்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

மணல் என்பது மணல் அல்ல, அதே மூலக்கூறின் படிகம். இழையாக நீளவேண்டியவை செங்கல் அடுக்கியதுபோல் அடுக்கிக்கொண்டுவிட்டன. மூலக்கூறுகளுக்கு அதுதான் சொகுசு. ரயிலில் ஒருவர் துண்டை விரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டால், பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் உட்கார்ந்துவிடுவதில்லையா, அப்படி. ஏற்கெனவே உருவான படிகத்தின் துகள் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத தூசியாக உள்ளே விழுந்தால் போதும். மற்றவையெல்லாம் அதைப் பார்த்து அடுக்கத் தொடங்கிவிடும். நாங்கள் அதை விதை என்போம். விதை ஒருமுறை ஆய்வகத்துக்குள் பரவிவிட்டால் அப்புறம் அந்த அறையில் ஜெல் வருவது கஷ்டம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிவது என்ன, பாடமாகவே எடுப்பேன். படிகமே ஆகாமல் முரண்டுபிடிக்கும் கரைசலின்மேல் தாடி வைத்த பேராசிரியர் ஒருவர் தாடியை உதறினால் படிகம் விழும் என்று வேதியியல்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. இத்தனை வருடம் ஆய்வகத்தில் இருந்ததில் எல்லா விதையும் அந்தத் தாடியில் இருக்குமாம். முதலாண்டு மாணவர்களுக்கு அதை ஆண்டுதோறும் சொல்வேன். சரியான இடத்தில் சிரிப்பார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளாகத் தாடியைத் தடவிக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தொலைபேசியில் அழைத்தாள். நலம் விசாரித்தாள். வீட்டில் எல்லோரும் நலமா என்றாள். மழை உண்டா என்றாள். ஆராய்ச்சி மாணவர்கள் கைடிடம் மழையைப் பற்றிப் பேசினால் விஷயம் பெரியது.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"கெமிஸ்ட்ரிதான் சார் பேசறேன். பர்சனலா ஒண்ணும் இல்ல."

"சரி."

"ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு கதை சொன்னீங்களே சார். தாடிக் கதை."

"ஆமா."

"அது கதையில்லன்னு தோணுது சார்."

பிறகு விவரமாகச் சொன்னாள். குப்பியை இறுக மூடி, உள்ளே ஒரு துகள்கூட மிஞ்சாதபடி நன்றாகச் சூடாக்கி, மூடியைத் திறக்காமலே ஆறவிட்டால் இப்போதும் ஜெல் வருகிறது. திறந்தால்தான் மணல். அதிலும் நான் கூட்டத்துக்குப் போயிருக்கும் நாட்களில் திறந்தால் சிலசமயம் பிழைக்கிறது. நான் இருந்தால் ஒன்றுகூடப் பிழைப்பதில்லை. இது ஆரம்பித்தது எப்போது என்று அவளே யோசித்திருக்கிறாள். சன்னலோரம் காய்ந்து கிடந்த அவளுடைய பழைய குப்பி ஒன்றில் ஊசி ஊசியாகப் படிகம் வளர்ந்திருப்பதை நான் கண்டுபிடித்த நாள் அது. அதைச் சுரண்டி, உள்ளங்கையில் தட்டி, மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்து, ஆய்வகம் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டி, அதே கையால் தாடியைத் தடவிக்கொண்டு, "எவ்வளவு அழகு பாரு" என்று சொன்னேன். எனக்கும் நன்றாக நினைவிருந்தது.

அவள் பேசிவிட்டு நிறுத்தினாள். நான் கோபப்படுவேன் என்று பயந்திருப்பாள். எனக்கோ மார்பிலிருந்து ஒரு கிரானைட் பலகையை இறக்கிவைத்தது போல இருந்தது. குற்றம் என் முகத்தில் இருந்தது. அப்படியென்றால் அவளுடைய வேலையில் இல்லை. இத்தனை வருடம் வந்த ஜெல் எல்லாம் ஜெல்தான். "நீ சொல்றது சரியா இருந்தா ரொம்ப நல்லதும்மா" என்றேன். அதற்கு அவள், சரியா இல்லையா என்பதைச் சோதித்துவிடலாம் சார், ஆனால் நீங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்றாள்.

மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு கல்லூரி. அவளுடைய தோழி அங்கே வேதியியல் விரிவுரையாளர். எங்கள் ஆய்வகத்து ஆள் யாரும் கால்வைத்திராத இடம். அவள் மூடிய குப்பிகளோடு கடப்பாக்கத்திலிருந்து நேராகப் பேருந்தில் வந்துவிட்டாள், ஆய்வகத்துக்கு ஒருபோதும் போட்டுவராத உடையில். நான் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் காரில் போனேன். கட்டளைப்படி உள்ளே நுழையாமல் வாசலில், காவலாளியின் வேப்பமர நிழலில் நின்றேன்.

காவலாளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா சார், பொண்ணு உள்ள கீதா?"

"ஆமா."

"அட்மிஷனா?"

ஒரு முடிவுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னேன். அவர் ஆறுதலாகச் சொன்னார்: "டென்சன் ஆவாதீங்க சார். இங்க வர்றவங்கோ எல்லாருக்கும் சீட்டு குடுத்துருவாங்கோ."

அரைமணி கழித்து அவள் வெளியே வந்தாள். கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்தபடியே, உள்ளே திறந்துவைத்தே ஆறவிட்ட குப்பியைக் கவிழ்த்தாள். மஞ்சளாக டீசல் மேலேயே நின்றது, ஒரு சொட்டும் இறங்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அவசரப்படவில்லை. பாதி சோதனைதான் முடிந்திருக்கிறது என்றாள்.

மீதிப் பாதி இருசக்கர வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. அந்தக் கல்லூரி ஆய்வகத்தைக் கெடுக்கக் கூடாதே. ஒரு ஸ்கூட்டர் இருக்கையின்மேல் இரண்டு சூடான குப்பிகளைத் தூரம் தூரமாக வைத்தாள். ஒன்றை மூடியே வைத்தாள். இன்னொன்றைத் திறந்தாள்.

"இப்ப நீங்க வாங்க சார். எப்பவும் போல யோசிங்க."

"எதப் பத்தி?"

"எதப் பத்தின்னாலும் சரி சார். கையி மட்டும் அங்க போவணும்."

திறந்த குப்பியின்மேல் குனிந்து, தாடியைத் தடவி, யோசித்தேன். உத்தரவின் பேரில் யோசிப்பது சுலபமில்லை. காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். இந்தக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க இந்த அளவுக்கா என்று நினைத்திருப்பார்.

மூடிய குப்பியில் டீசல் ஜெல்லாகி, கவிழ்த்தும் விழாமல் நின்றது. நான் யோசித்த குப்பியில் வெள்ளையாக ஊசிகள் கிளம்பி, நாங்கள் பார்க்கப் பார்க்க மணலாயின. ஒரே ஒரு தடவை செய்த சோதனையை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். அன்றைக்கு இன்னொருமுறை செய்யலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வந்தது. இன்னும் இரண்டுமுறை செய்தோம். யோசித்து யோசித்து இடுப்பு வலித்ததுதான் மிச்சம், முடிவு மாறவில்லை.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு சலூனில் வண்டியை நிறுத்தினேன். முழுசா எடுக்கணுமா என்று கேட்ட கடைக்காரர், "இவ்ளோ நாளு வளத்துகினு இருந்தீங்க போல, இன்னா ஆச்சி சார்?" என்றார். டீசல் உறைய மாட்டேன் என்கிறது என்றேன். அதற்குப்பின் அவர் கழுத்தருகே கத்தியை மிகவும் நிதானமாக நகர்த்தினார்.

வாய்மொழித் தேர்வை ஆய்வகக் கட்டடத்தில் வைக்காமல் நிர்வாகக் கட்டடத்து அரங்கத்தில் வைத்தோம். யாரும் அன்று காலை ஆய்வகப் பக்கம் போகக் கூடாது, எல்லோரும் வீட்டிலிருந்து குளித்துவிட்டு நேராக வரவேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். எனக்கு மட்டும் தனியாக, புதுச்சட்டை போட்டு வந்தால் நல்லது சார் என்று செய்தி அனுப்பியிருந்தாள். தீபாவளி தவிர்த்து நான் புதுச்சட்டை போட்டது அன்றுதான்.

தேர்வாளர் சாமர்த்தியசாலி. நாங்கள் வைத்திருந்த டீசலை அவர் தொடவேயில்லை. தன் ஊரிலிருந்து வரும் வழியில் கருங்குழி அருகே ஒரு பங்கில் தானே வாங்கிய டீசலைப் பையிலிருந்து எடுத்தார். கடல்நீரும் அவருடையதே. முந்தின நாள் மாமல்லபுரத்தில் தங்கி, விடியற்காலையில் தானே இறங்கி ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்திருக்கிறார். அலை முழங்காலுக்கு மேலேயே வந்துவிட்டதாம். அந்தக் கோபம் முகத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அவள் குப்பியில் கடல்நீரை ஊற்றினாள், அதன்மேல் டீசலை ஊற்றினாள், சொட்டுகளை விட்டாள். மூடினாள். அரங்கத்தில் அவளுடைய அத்தாவும் அம்மாவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வேட்டைப் பற்றிய கேள்விகளை அந்த நேரத்தில் கேட்கலாம் என்றார் தேர்வாளர். அவள் திரும்பிக்கூடக் குப்பியைப் பார்க்காமல், இடையில் மணல் வந்த கதையையும் சேர்த்து, பதில் சொன்னாள். நான் குப்பியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கை தானாக மோவாய்க்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை என்பது அவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தேர்வாளர் கேள்விகளை நிறுத்தி, எழுந்து, குப்பியை எடுத்தார். தன் சட்டையைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தாரோ என்னவோ, கையை என் பக்கமாக நீட்டிக் கவிழ்த்தார். கடல்நீர் ஒரு சொட்டுகூட மூடிப் பக்கம் இறங்கவில்லை. டீசல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அதைத் தாங்கி நின்றது. அவர் குலுக்கினார். நின்றது. இன்னொருமுறை குலுக்கிவிட்டு, இடையில் மணல் வந்த கதையையும் ஓர் அத்தியாயமாகச் சேர்த்துவிடுங்கள், அதுதான் இதில் சுவாரசியமான பகுதி என்று சொல்லி உட்கார்ந்தார். அவள் அப்போதுதான் குப்பியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து, மேசைமேல் ஏற்கெனவே நேராக இருந்த காகிதங்களை மறுபடி நேராக அடுக்கினாள்.

சாப்பாடு கடப்பாக்கத்திலிருந்து வந்திருந்தது. தேர்வாளர் இரண்டாவது முறை பிரியாணி வாங்கிக்கொண்டபோது பட்டம் உறுதி என்று துறை முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் பெருமை தாங்காமல் குப்பியை எடுத்துப்போய் அவளுடைய அம்மாவிடம் கொடுத்தேன். உங்கள் பொண்ணு செய்தது, கவிழ்த்துப் பாருங்கள், விழாது என்றேன். அவர் தலையோடு சேர்த்துப் போர்த்தியிருந்த துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, குப்பியைக் கவிழ்த்தார். நிமிர்த்தினார். மறுபடி கவிழ்த்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நோம்பு தொறக்கக் கடல்பாசிய பால்ல காச்சி கிண்ணத்துல ஊத்தி வச்சா, சாயந்தரம் அசர் தொழுதுட்டு வர்றதுக்குள்ள இதே மாதிரி ஆயிடும் சார். அத்தயும் கவுத்தா வுழாது. இதுக்கா எங்க பொண்ணு இத்தினி வருசம் வூட்டுக்கே வராம கெடந்துச்சி?"